நினைவகம் கண்ட வில்லியம்ஸ்

முன்னுரை

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவி ஓட, அவற்றின் இடையே ஒரு தீவாக விளங்குவது திருவரங்கம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்கு, தென்னஞ்சோலைகளின் நடுவே அதன் கோபுரங்கள் காட்சி தரும். மார்கழித் திங்களில் அங்கு நடைபெறும் வைகுந்த ஏகாதசிப் பெருவிழாவில், பகற்பத்து, இராப்பத்து என்னும் நாட்களில், அரையர்கள் ஆழ்வார்களின் பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் சேவிப்பர். தலைமுறை தலைமுறையாகச் செவிவழிக் கேட்டு நெஞ்சில் நிறுத்தப்பெற்ற செல்வம் அது.

நெஞ்சில் நிறுத்திய நூல் பிழைபடாது நிற்றல் வேண்டும். ஒரு சொல் மாறினும் பொருள் மாறும். ஒரு பாட்டு மறையினும் நூல் குறைபடும். ஆதலின் நம் முன்னோர் நினைவைக் காத்தற்குரிய வழிகள் பலவற்றை வகுத்தனர். நம்மாழ்வார் அருளிய திருவாய்மொழி அந்தாதித் தொடையால் அமைந்தது. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் தொடக்கமாக வருதலின், இடையில் ஒரு பாட்டு விடுபட்டால், சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாற்போல அக்குறை உடனே புலப்படும். வேதம் ஓதுவோர் மற்றொரு முறையைக் கைக்கொண்டனர். சொற்களை நேரே ஓதுவதோடு அமையாது, முதலாவது, இரண்டாவது; இரண்டாவது, முதலாவது; மீண்டும் முதலாவது, இரண்டாவது என முன்னும் பின்னுமாக அவற்றை மாற்றி ஓதினர். இதனைச் சடை என்பர். நேரே ஓதுங்கால் மறைந்து கிடக்கும் பிழை, திருப்பி ஓதுங்கால் வெளிப்பட்டுவிடும்.

நினைவிற்கு இன்றியமையாத பண்புகள் இரண்டு. ஒன்று விரைவு, மற்றொன்று உறுதி. வினவியவுடன் எடுத்துக் கூறுதல் விரைவு. எத்தனை முறை வினவினும், எவ்வளவு காலம் கழியினும், மாறாது கூறுதல் உறுதி. விரைவின்றி உறுதி மட்டும் உடையது வேண்டும்பொழுது உதவாது. உறுதியின்றி விரைவு மட்டும் உடையதோ தவற்றை விரைந்து கூறும். இவ்விரண்டனுள் பின்னது முன்னதினும் கொடிது.

இக்காலத்தில் மனிதனுக்குத் துணையாக வந்துள்ள கணினிக்கும் இவ்விரு பண்புகளும் வேண்டும். கணக்குகளையும் கட்டளைகளையும் தாங்கி நிற்கும் அதன் உறுப்பினை நினைவகம் என்கிறோம். எந்த இடத்தில் உள்ள எண்ணையும் உடனே எடுத்துத் தரும் மின்னணு நினைவகத்தை அமைத்து, அதனைச் சோதித்து உண்மை கண்ட பெரியார், இங்கிலாந்து நாட்டுப் பொறியியல் அறிஞர் பிரெடரிக் காலண்டு வில்லியம்ஸ் ஆவர். அவரது வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

வில்லியம்ஸ் 1911-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், இங்கிலாந்தின் செசயர் மாவட்டத்தில் ஸ்டாக்போர்ட் நகரையடுத்த ரோமிலி என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஸ்டாக்போர்ட் இலக்கணப் பள்ளியிற் பயின்று, பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து பொறியியல் கற்றார். 1932-இல் இளநிலைப் பட்டமும், அதற்கு அடுத்த ஆண்டில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். மேலும் கற்க வேண்டும் என்னும் அவா அவரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்றது. மின்சுற்றுகளிலும் வால்வு என்னும் வெற்றிடக் குழாய்களிலும் எழும் வேண்டாத மின் இரைச்சலைப் பற்றி ஆராய்ந்து, 1936-இல் அங்கு முனைவர் பட்டம் பெற்றார்.

மாணவர்களே! மின்சுற்றில் எழும் இரைச்சலாவது யாது என நீங்கள் வினவலாம். வானொலியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபொழுது பாட்டோடு கலந்து இரைகின்ற ஒலியைக் கேட்டிருப்பீர்கள். நமக்கு வேண்டிய குறிப்பு மெல்லியதாகவும், வேண்டாத இரைச்சல் மிக்கதாகவும் உள்ளவிடத்து, முன்னதைப் பின்னதினின்று பிரித்தெடுத்தல் அரிய கலை. அக்கலையில் வில்லியம்ஸ் இளமையிலேயே தேர்ந்தார். பிற்காலத்தில் அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்ததும் இக்கலையே. பட்டம் பெற்ற பின்னர் மான்செஸ்டருக்கே மீண்டு, அங்கு விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

போர்க்காலப் பணி

1939-ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டது. வானூர்திகள் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் வரும்போதே, அவற்றின்மீது வானொலி அலையை வீசி, மீண்டு வரும் எதிரலையால் இருப்பிடம் அறியும் ரேடார் என்னும் கருவி அந்நாட்டிற்கு உயிர்நாடியாக விளங்கியது. அக்கருவியைச் செம்மை செய்யும் அறிஞர் குழுவில் வில்லியம்ஸ் சேர்ந்தார். மால்வர்ன் என்னும் ஊரில் இருந்த தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் ஒரு குழுவிற்குத் தலைவராக இருந்தார். வருகின்ற வானூர்தி நட்பினதா பகையினதா எனப் பிரித்தறியும் கருவிகளிலும் அவர் கைத்திறன் பங்கு கொண்டது. மின்சுற்றில் எத்தகைய இடர் நேரினும் அதற்கு வழி காண வல்லவர் என்று உடன் பணியாற்றியோர் அவரை மதித்தனர்.

அக்குழுவில் 1942-இல் வந்து சேர்ந்த இளைஞர் டாம் கில்பர்ன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்றவர். மால்வர்னில் வில்லியம்ஸின் கீழ்ப் பணியாற்றி மின்னணுவியலில் தேர்ந்தார். ஆசிரியரும் மாணவரும் போல விளங்கிய இவ்விருவரும் பின்னர் ஒரு பெருஞ்செயலை இணைந்து முடித்தனர்.

கணினிக்கு நேர்ந்த இடர்

போர் முடிந்தபின் வில்லியம்ஸ் அமெரிக்கா சென்றார். அங்குப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் பெருங்கணிப்பொறி இயங்கி வந்தது. 17,000-க்கும் மேற்பட்ட வால்வுகளைக் கொண்டு ஒரு பெரிய கூடம் முழுவதையும் அடைத்து நின்ற அப்பொறி, மிக விரைந்து கணக்கிட்டது. ஆயினும் அதன் பதிவுறுப்புகள் ஒருங்கே 20 எண்களையே தாங்க வல்லனவாய் இருந்தன. ஒரு கணக்கை முடித்து வேறொரு கணக்கைத் தொடங்க வேண்டுமாயின், பொறியின் கம்பிகளையும் விசைகளையும் மாற்றி அமைத்தல் வேண்டும். கணக்கிடும் நேரத்தினும் ஆயத்தம் செய்யும் நேரம் மிகுந்தது.

இதற்குத் தீர்வு யாது? எண்களோடு கட்டளைகளையும் நினைவகத்திலேயே எழுதி வைத்தால், பொறி தானே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றும். இவ்வுண்மையை அறிஞர் பலர் உணர்ந்திருந்தனர். ஆனால், அத்தகைய நினைவகம் எங்கே உள்ளது? இதுவே அந்நாளில் உலகத்தின் முன் நின்ற வினா. பாதரசம் நிறைந்த நீண்ட குழாயில் ஒலித்துடிப்புகளைச் செலுத்தி, மறுமுனையிற் பெற்று, மீண்டும் முன்முனையிற் செலுத்திச் சுழலவிடும் முறையைச் சிலர் மேற்கொண்டனர். அம்முறையில் வேண்டிய எண் சுழன்று வரும் வரையிற் பொறி காத்திருத்தல் வேண்டும். ஏற்றச்சால் மேலே வரும் வரையில் நீருக்குக் காத்திருக்கும் உழவனது நிலை அதற்கு ஒப்பாகும்.

குழாயில் நிறுத்திய நினைவு

அமெரிக்காவில் வில்லியம்ஸ் கண்ட மற்றொரு முயற்சி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ரேடார்த் திரையில் மலை, கட்டடம் முதலிய அசையாப் பொருள்களால் தோன்றும் எதிரொளியை நீக்குதற்காக, ஒருமுறை தோன்றிய காட்சியை எதிர்மின் கதிர்க்குழாயிற் சேமித்து வைக்கச் சிலர் முயன்றனர். பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்த படக்குழாய் இவ்வினத்தைச் சார்ந்ததே. காட்சியைச் சேமிக்க இயலுமாயின் எண்ணையும் சேமிக்க இயலுமன்றோ என்று வில்லியம்ஸ் எண்ணினார்.

கணினிக்கு எண்கள் பல வேண்டுவதில்லை. 0, 1 என்னும் இரண்டே போதும். இவற்றுள் ஒன்றைக் குறிக்கும் இடத்தைப் பிட் என்பர். குழாயின் உட்புறத் திரையில் மின்னணுக் கற்றை ஒன்று வந்து தாக்கினால், அவ்விடத்திலிருந்து வேறு சில மின்னணுக்கள் தெறித்து வெளியேறும். அங்கு ஒரு சிறு மின்னேற்றம் எஞ்சி நிற்கும். அம்மின்னேற்றத்தின் தன்மையை ஒரு வகையாக அமைத்தால் அது 0. மற்றொரு வகையாக அமைத்தால் அது 1. திரையின் வெளிப்புறத்தில் ஓர் உலோகத் தகட்டைப் பொருத்தி, கற்றையை மீண்டும் அவ்விடத்திற் செலுத்தினால், அங்கு எழுதப்பட்டிருந்தது யாது என்பது தகட்டில் எழும் மெல்லிய துடிப்பால் தெரியவரும். கற்றையை எந்த இடத்திற்கும் நொடிப்பொழுதிற் சிறு கூறில் திருப்பலாம். ஆதலின் முதலில் உள்ளதற்கும் இறுதியில் உள்ளதற்கும் காத்திருக்கும் நேரம் வேறுபடாது. விரைவு கைகூடியது.

உறுதியோ எளிதிற் கைகூடவில்லை. திரையிற் படிந்த மின்னேற்றம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கசிந்து மறையும். படிக்கும் செயலே எழுதியதைக் குலைப்பதும் உண்டு. நீரில் எழுதிய எழுத்தை நூலென்று எவ்வாறு நம்புவது? மற்றவர் இவ்விடத்தில் தயங்கினர். வில்லியம்ஸ் தயங்கவில்லை. மறைவதற்கு முன்னரே படித்து, படித்ததை அவ்விடத்திலேயே மீண்டும் எழுதிவிட்டால் என்ன? ஓயாது படித்தலும் ஓயாது எழுதுதலும் தொடருமாயின், ஒவ்வொரு குறியும் அழியும் முன்னரே புதுப்பிக்கப்பெறும். கற்ற பாடத்தை நாள்தோறும் ஓதி மறவாமற் காக்கும் மாணாக்கனது நெறியே இது. 1946-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் மால்வர்னில் ஒரேயொரு பிட் குழாயில் நிலைநின்றது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பம் செய்யப்பெற்றது.

அத்திங்களிலேயே வில்லியம்ஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியற் பேராசிரியரானார். கில்பர்னும் அவருடன் வந்தார். அடுத்த ஆண்டில் ஜெப் டூட்டில் என்பவரும் இணைந்தார். கணிதப் பேராசிரியர் மாக்ஸ் நியூமன் கணினியின் அமைப்பைப் பற்றி அவர்களோடு கலந்துரையாடி ஊக்கினார். கில்பர்ன் குறிகளை எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1947-ஆம் ஆண்டின் இறுதியில், ஒரே குழாயில் 2,048 பிட்டுகள் அமைந்த கோலம் பல மணி நேரம் குலையாது நின்றது.

சோதனைக்கென ஒரு பொறி

அசையாது நிற்கும் கோலம் குலையாதிருந்தது உண்மையே. எனினும் வில்லியம்ஸ் மனம் நிறைவு கொள்ளவில்லை. மெய்யான கணினியில் நினைவகம் சும்மா இருப்பதில்லை. நொடிக்குப் பல்லாயிரம் முறை எங்கெங்கோ எழுதப்படும், எங்கெங்கோ படிக்கப்படும். ஓரிடத்தை அடுத்தடுத்துத் தாக்கினால் அண்டையிடத்துக் குறி சிதையக்கூடும். திரையில் தூசியளவு மாசு இருப்பினும் அவ்விடம் பயன்படாது. புறத்தே எழும் மின் அதிர்வுகளும் மெல்லிய துடிப்பைக் கெடுக்கும். வீட்டில் அமர்ந்து பாடம் ஒப்புவிப்பவன் அவையில் நின்று தடுமாறுவது உண்டன்றோ? அதுபோல, வேலையின் விரைவில் வைத்துப் பார்த்தாலன்றி நினைவகத்தின் உண்மைத் திறம் விளங்காது.

அவ்வாறு சோதிக்கும் கருவி எங்கும் இல்லை. ஆகவே, நினைவகத்தைச் சோதிக்கும் பொருட்டே ஒரு கணினியை ஆக்க அவர்கள் முடிவு செய்தனர். கணினிக்காக நினைவகம் என்பது உலக வழக்கு. நினைவகத்திற்காகக் கணினி என்பது மான்செஸ்டரில் நிகழ்ந்த புதுமை. இப்பொறியே குழந்தை என்னும் செல்லப்பெயரால் வழங்கப்பெற்றது. பெயர் குழந்தையாயினும் உருவம் பெரிது. ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் ஒரு டன் அளவிலான எடையும் கொண்டது. 550 வால்வுகள் அதில் எரிந்தன. போரில் எஞ்சிய உறுப்புகள் பலவற்றைக் கொண்டு அதனை இணைத்தனர். அதன் நினைவுக் குழாயில் வரிசைக்கு 32 ஆக 32 வரிசைகள், ஆக 1,024 பிட்டுகள் இருந்தன. கூட்டலுக்குத் தனியுறுப்பும் இல்லை. கழித்தல் ஒன்றைக் கொண்டே எல்லாம் செய்தது. சோதனைக்கு அதுவே போதும் என்பது அவர்கள் துணிவு.

பொறியை இயக்கிய முதல் நாட்கள் துன்பம் மிக்கனவாய் இருந்தன. விசையை அழுத்தியதும் திரையில் ஒளிப்புள்ளிகள் அங்குமிங்கும் துள்ளின, ஒன்றும் விளங்கவில்லை. எங்கோ ஓரிணைப்புத் தவறு. அதைத் திருத்தினால் வேறோரிடத்திற் பிழை. நாள்தோறும் முயன்றனர். ஈராண்டு உழைப்பும் பெயரும் அத்துள்ளும் புள்ளிகளைச் சார்ந்திருந்தன. நினைவகம் நில்லாதெனத் தெரிந்தால், அனைத்தையும் கைவிட்டு வேறு வழி நாடுவதன்றிச் செய்வது வேறில்லை.

1948-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் வந்தது. புள்ளிகள் வழக்கம்போலத் துள்ளின, பின் நின்றன. எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த விடை ஒளிர்ந்தது. நினைவகத்தில் எழுதி வைத்த கட்டளைகளை ஒரு மின்னணுக் கணினி தானே எடுத்து நிறைவேற்றியது உலக வரலாற்றில் அதுவே முதன்முறை.

அப்பொறிக்கு இட்ட கணக்கு யாது தெரியுமா? ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களுள், அவ்வெண் ஒழிந்த பெரிய எண்ணைக் காண்பதே அக்கணக்கு. 2,62,144 என்னும் எண்ணுக்கு விடை அதன் பாதியாகிய 1,31,072 என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகளைக் கொண்டு, ஒன்று குறைந்த எண்ணில் தொடங்கி, ஒவ்வோர் எண்ணாகக் கீழிறங்கி, கழித்துக் கழித்துப் பார்த்து, 52 நிமிடத்தில் பொறி அவ்விடையைக் கூறியது. அதற்குள் ஏறத்தாழ 35 இலட்சம் செயல்களை அது செய்தது. தெரிந்த விடைக்கு இத்துணை முயற்சி எதற்கு எனின், விடையை அறிவது அன்று அவர்தம் நோக்கம். 35 இலட்சம் செயல்களுள் ஒன்றிலேனும் நினைவகம் தவறியிருப்பின் விடை பிழைத்திருக்கும். விடை பிழைக்காமையால் நினைவகம் பிழைக்கவில்லை என்பது உறுதியாயிற்று. விடை முன்பே தெரிந்திருந்ததே அச்சோதனையின் நுட்பம்.

வில்லியம்ஸும் கில்பர்னும் அச்செய்தியை அவ்வாண்டு செப்டம்பரில் நேச்சர் என்னும் அறிவியல் இதழிற் சுருக்கமாக வெளியிட்டனர்.

உலகம் ஏற்ற திறன்

குழந்தை விரைவில் வளர்ந்தது. 1949-இல் மான்செஸ்டர் மார்க்கு ஒன்று என்னும் பெரிய கணினியாக அது உருப்பெற்றது. அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாட் காலை வரையில், பகா எண்களைப் பற்றிய ஒரு கணக்கை 9 மணி நேரம் பிழையின்றி அது நடத்தியது. முந்திய ஆண்டில் ஒரு மணி நேரம் நின்ற நினைவு ஓரிரவு முழுதும் நின்றது. 1951-இல் பெரான்டி நிறுவனம் அதனை விற்பனைக்குரிய கணினியாக ஆக்கியது. அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனம் 1952-இல் வெளியிட்ட 701 என்னும் கணினியில் 72 வில்லியம்ஸ் குழாய்கள் இடம்பெற்றன.

இந்நினைவகம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. சிறு காந்த வளையங்களால் ஆகிய நினைவகம் தோன்றியதும், மின்சாரம் நின்றாலும் நினைவழியாத அதன் உறுதியைக் கண்டு உலகம் அதனை மேற்கொண்டது. நம் நாட்டில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1960-இல் இயக்கிய டிப்ராக் கணினியிலும் காந்த வளைய நினைவகமே அமைந்தது.

ஆயினும் வில்லியம்ஸ் கண்ட கருத்து மடியவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த இராபர்ட் டென்னார்டு என்னும் அறிஞர் 1966-இல் சிலிக்கன் சில்லில் ஒரு புதிய நினைவகத்தைக் கண்டார். அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னேற்றமாக நிற்கும். அம்மின்னேற்றமும் கசிந்து மறையும்; ஆதலின் மறையுமுன் படித்து மீண்டும் எழுத வேண்டும். இன்று நாம் கையாளும் கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள நினைவகம் இம்முறையிலேயே இயங்குகின்றது. இவற்றுட் பலவற்றில் 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொரு குறியும் ஒருமுறை புதுப்பிக்கப்பெறுகின்றது. 1946-இல் மால்வர்னில் ஒரு பிட்டைக் காத்த வழி, இன்று கோடி கோடி பிட்டுகளைக் காத்து வருகின்றது.

இன்றைய சோதனை

இக்காலத்து நினைவகம் மிக விரைந்தது. ஒரு கம்பியில் நொடிக்கு 600 கோடி முறை செய்தி செல்லும் நினைவகங்களும் உள்ளன. விரைவு மிகுமளவிற்கு உறுதிக்கு இடர் மிகும். சூடு ஏறினால் மின்னேற்றம் விரைந்து கசியும். ஒரே வரிசையை அடுத்தடுத்து அணுகினால் அண்டை வரிசையிலுள்ள குறி மாறிவிடும் என்பதை 2014-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். வில்லியம்ஸ் குழாயில் முன்பு கண்ட அக்குறையே புதிய உருவில் மீண்டு வந்தது எனலாம்.

ஆகவே சோதனை இன்றும் ஒழியவில்லை. நினைவகத்தின் எல்லா இடங்களிலும் 0 எழுதுவர். பின்னர் முதலிடத்திலிருந்து ஒவ்வொன்றாக 0 நிற்கின்றதா எனப் படித்து, 1 எழுதிக்கொண்டே மேலே செல்வர். அடுத்து இறுதியிடத்திலிருந்து ஒவ்வொன்றாக 1 நிற்கின்றதா எனப் படித்து, 0 எழுதிக்கொண்டே கீழே வருவர். ஏறும்போது காணாத பிழை இறங்கும்போது வெளிப்படும். இம்முறையைக் கேட்கும்போது முன்னர்க் கூறிய சடை நினைவிற்கு வருகின்றதன்றோ? ஒன்றைக் கண்டு மற்றொன்றை அமைத்தாரல்லர். ஆயினும் நினைவைக் காக்கும் வேட்கை ஒன்றாயிருத்தலின் வழியும் ஒத்து அமைந்தது.

இச்சோதனையைச் சிறிது நேரம் செய்து அமைதல் ஆகாது. பொறி சூடேறிய நிலையிலும், முழு விரைவிலும், பல மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, ஒரு பிழையும் இல்லையெனக் கண்ட பின்னரே நினைவகத்தை நம்புவர். மருத்துவமனையில் நோயாளிக்குரிய மருந்தின் அளவும், வங்கியில் ஏழையின் சேமிப்பும் நினைவகத்தில் நிற்கின்றன. அங்கு ஒரு 0 ஒரு 1 ஆக மாறினும் ஓருயிருக்கோ ஒரு குடும்பத்திற்கோ கேடு நேரலாம்.

பிற்கால வாழ்வு

வில்லியம்ஸ் 1950-இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். 1963-இல் அக்கழகம் அவருக்கு ஹியூஸ் பதக்கம் வழங்கியது. ஆயினும் அவர் தாம் கண்ட துறையில் தலைமையைப் பற்றி நிற்கவில்லை. கணினிப் பணி முழுவதையும் கில்பர்னிடம் ஒப்படைத்துவிட்டு, தமக்கு விருப்பமான மின்னோடிகளின் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். தம்மால் வளர்ந்தவர் தம்மினும் மேம்பட வழிவிட்டு விலகுதல் பெரியோர் இயல்பு. கில்பர்னும் அந்நம்பிக்கைக்கு ஏற்ப, மேலும் பல கணினிகளை ஆக்கிப் புகழ் பெற்றார். 1976-இல் அரசு வில்லியம்ஸுக்கு சர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் அவர் இம்மண்ணுலக வாழ்வை நீத்தார்.

குழந்தை பிறந்து 50 ஆண்டு நிறைந்த 1998-இல், அப்பொறியைப் போன்ற ஒன்றைப் புதிதாக ஆக்கி மான்செஸ்டரில் இயக்கினர். பழைய முறையிலேயே அமைந்த அதன் திரையில் ஒளிப்புள்ளிகள் மீண்டும் தோன்றின.

முடிவுரை

வில்லியம்ஸின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் நெறி ஒன்று உண்டு. தாம் ஆக்கியதைத் தாமே நம்பிவிடாது, கடுமையான சோதனைக்கு அதனை உட்படுத்துதல் அறிஞர் கடமை. பல மணி நேரம் கோலம் குலையாது நின்ற அன்றே அவர் வெற்றி கொண்டாடியிருக்கலாம். அவ்வாறு செய்யாது, தம் படைப்பு தோற்கக்கூடிய களத்தைத் தாமே தேடி அமைத்தார். அதனாலன்றோ அவர் படைப்பை உலகம் நம்பியது!

திருச்சிராப்பள்ளியில் 1964-இல் வட்டாரப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி, 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்த கலைக்கூடத்தில், இன்று இளைஞர் பலர் கணினிக் கலை பயில்கின்றனர். காவிரியின் மறுகரையிலே திருவரங்கத்தில் அரையர் சேவையும் தொடர்கின்றது. ஒன்று மின்னேற்றத்தில் நினைவைக் காக்கும் கலை; மற்றொன்று நெஞ்சத்தில் நினைவைக் காக்கும் கலை. இரண்டிற்கும் உயிராவது மறையுமுன் மீண்டும் ஓதுதலும், ஓதியதைப் பிழையறச் சோதித்தலுமே ஆகும். மாணவர்களாகிய நீங்களும் கற்றதை மீண்டும் மீண்டும் ஓதி, பிறர் சோதிக்குமுன் நீங்களே சோதித்து, விரைவோடு உறுதியும் உடைய நினைவினராய் விளங்குவீர்களாக.